ஒரு நாளைக்கு நான்கு நூல்

என் மேஜை நடந்தது, ஐயா. கேட்டால் சிரிப்பு வரும். அண்ணனும் முதலில் சிரித்தார். காலையில் ஓர் இடத்தில் நிற்கும், மாலையில் அரை அங்குலம் தள்ளி நிற்கும். யாரும் இடிக்கவில்லை, நான் கையால் தள்ளவும் இல்லை. கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். தினமும் கோட்டைத் தாண்டி நின்றது. முதல் வாரம் முழுக்க எனக்கு இது பிடிபடவே இல்லை.

நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

முப்பது வருடம் மற்றவர்கள் வீட்டுக்கு வரைபடம் போட்டவன் நான். ஓய்வு பெற்றதும் வீட்டிலேயே ஒரு சின்ன மரப்பட்டறை வைக்க ஆசைப்பட்டேன். வீடு எனக்கும் அண்ணனுக்கும் பொது. அண்ணி போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பின்பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதன் கோடியில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணனின் படுக்கையறை. அவர் வெளியே வர அது ஒன்றுதான் வழி. கதவு பட்டறைப் பக்கமாகத் திறக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை என்றால் முதலில் வேலை மேஜை. அதன் உயரம் ஆளைப் பொறுத்தது. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் அளவு. கூடினால் தோள் போய்விடும், குறைந்தால் இடுப்பு. எனக்கு முப்பத்திநாலு அங்குலம் வந்தது. அடுத்தது வெளிச்சம். வலக்கைக்காரனுக்கு அது இடப்பக்கமிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் அவன் போட்ட கோட்டின்மேல் அவன் கை நிழலே விழும். அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். ஆகவே மேஜையை நீளவாக்கில் போட்டு, அண்ணனின் கதவைப் பார்த்தபடி நின்று வேலை செய்வது என்று முடிவானது. அது ஜன்னல் எடுத்த முடிவு, நான் எடுத்தது அல்ல.

பதினோரு படம் வரைந்தேன். மேஜை முனைக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடி விட்டேன். கதவின் அகலம் இரண்டரை அடி. தாராளமான இடம்.

"ஏன்டா ஆணி, ஒரு மேஜைக்கு இத்தனை படமா? அரண்மனை கட்டுறவன்கூட இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டான்" என்றார் அண்ணன்.

நான் ஒல்லி. ஆணி என்று பேர் வைத்தவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் நான் செய்த முதல் முக்காலியில், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்கும்போது, வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்து உடைத்தவரும் அவர்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எவ்வளவு கலகலப்பானவர் என்பதற்காக இதைச் சொன்னேன், வேறு எதற்கும் இல்லை.

மேஜை ஏன் நடந்தது என்பதற்கு வருகிறேன். இழைப்புளியை முன்னே தள்ளும்போது அது பலகையை மட்டும் சீவுவதில்லை, மேஜையையும் சேர்த்துத் தள்ளுகிறது. கனமான மேஜை என்றால் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். என்னுடையது பழைய பெட்டிப் பலகையில் செய்த லேசான மேஜை, தரையோ வழவழவென்று டைல்ஸ். ஒரு தள்ளுக்கு மயிரிழை நகரும். ஒரு நாள் வேலைக்கு நான்கு நூல். தச்சுக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அது நான் தள்ளும் திசையில்தான், அதாவது கதவை நோக்கித்தான் போகும். காரணம் தெரிந்த பிறகு தினமும் மாலையில் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தெருவில் வழுக்கி விழுந்து இடது காலை ஒடித்துக்கொண்டார். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் படுக்கை. உள்ளேயே குளியலறை இருந்ததால் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் போய்வருவார். சாப்பாடு நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

கட்டுப் போட்டு வந்த அன்றே சொல்லிவிட்டார். "கால் சரியாகட்டும்டா. முதல் வேலையா அந்த மேஜையை ரெண்டாப் பொளந்து வெளிய போடுறேன். என் பொண்ணு இங்க வந்து இருக்கப்போறா, அவளுக்கு அந்த ரூம் வேணும்."

"ஓரமாப் போட்டுக்கறேண்ணே. அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

"பொளக்கக்கூட வேணாம்டா. நான் ஒரு தடவை உக்காந்தாப் போதும்."

அன்று மாலை நான் மேஜையைப் பின்னால் இழுக்கவில்லை. அவர் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினமும் இழுத்துப் போட்டால் மொத்தம் எவ்வளவு நடக்கும் என்று எப்படித் தெரியும்? ஒன்றை அறிய வேண்டுமென்றால் நடுவில் கை வைக்கக்கூடாது.

பதின்மூன்றாம் நாள் கதவு முதன்முதலாக மேஜையில் முட்டியது.

"என்னடா சத்தம்?"

"கதவு மேஜைல இடிக்குதுண்ணே. மேஜை நடக்குது."

கட்டில் ஆடச் சிரித்தார். "எங்க போகுதாம், கடைக்கா? எனக்கு ஒரு பேப்பர் வாங்கிட்டு வரச் சொல்லு."

ஐம்பதாம் நாள் பதினோரு அங்குலம் மிச்சம் இருந்தது. நான் பக்கவாட்டில் நுழைந்து போய்வந்தேன். ஒல்லியாக இருப்பதில் ஒரு சௌகரியம். அண்ணன் பருமன். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. இடுக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேய், இதை இப்பவே இழுத்துப் போடு. எனக்கு மூச்சு முட்டுது."

"நாளைக்கு இழுக்கறேண்ணே."

"மறுபக்கம் நின்னு இழைடா. தானாத் திரும்பிப் போயிரும்ல?"

அவர் சொன்னது முற்றிலும் சரி. என் வேலையைப் பற்றி வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை. ஆனால் மறுபக்கம் நின்றால் நிழல் கோட்டின்மேல் விழுமே.

பட்டறையில் சீவல் சுருள் பன்னிரண்டு சாக்கு இருந்தது, செய்த பொருள் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டீர்கள். உண்மைதான். எதையும் செய்வதற்காக நான் இழைக்கவில்லை. ஒரு பலகை காகிதம்போல ஆகும்வரை இழைப்பேன், பிறகு அடுத்த பலகை. கோடு என்று எதுவும் போடவும் இல்லை. இழைத்தால்தானே அது நடக்கும்.

உளிப் பெட்டிக்கு அடியில் நீங்கள் எடுத்த போன் அண்ணனுடையது. சார்ஜர் சரியாகப் பொருந்தவில்லை, ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று வாங்கியவன் மறந்துவிட்டேன். அவர் மகள் என் நம்பருக்குக் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அப்பா ஏன் போனே எடுக்க மாட்டேங்கறார்?"

"தூங்கறார்மா. மருந்து அப்படி."

"நான் கேட்டேன்னு சொல்லுங்க."

இடுக்கு வழியாக வார்த்தை மாறாமல் சொன்னேன். உள்ளேயிருந்து மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது.

அதற்குப் பிறகு தட்ட ஆரம்பித்தார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டாள்: "என்னங்க, ரெண்டு நாளா ஒரே தட்டலா இருக்கு?"

"பலகைல துளை போடறேம்மா."

"முடிச்சிட்டு எனக்கும் ஒரு ஸ்டூல் செஞ்சு குடுங்க, முதுகு வலி தாங்கல."

மரவேலை நடக்கும் வீட்டில் தட்டும் சத்தத்தை யாரும் சத்தமாக நினைப்பதில்லை.

அறுபதாம் நாள் மாவுக்கட்டுப் பிரிக்கவேண்டிய நாள். இடுக்கு ஆறு அங்குலம். தட்டு நுழையாது, ஆகவே ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். பிறகு பிஸ்கட்டை ஒவ்வொன்றாக. அண்ணன் இப்போது என்னை டேய் என்று கூப்பிடுவதில்லை. "தம்பி" என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் நான் கேட்டிராத வார்த்தை. குரல் மெலிந்து, பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல மெதுவாகப் பேசினார். "தம்பி, நான் ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காத." நான் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

எழுபத்திரண்டாம் நாள் மேஜை கதவோடு ஒட்டி நின்றது. நடை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பட்டறைக்குள் வந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தேன். நான் இழைக்கவில்லை, தொடவில்லை. மேஜை மூன்று நூல் என்னை நோக்கி வந்திருந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து, கட்டில் காலில் முதுகைக் கொடுத்து, நல்ல காலால் கதவை இரவெல்லாம் உதைத்திருக்கிறார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல்நுனிகள் தெரிந்தன. நகங்களில் ரத்தம் இருந்தது.

"சார்" என்றார். என்னைத்தான். "சார், நான் எதையும் உடைக்க மாட்டேன், சார்."

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை, ஐயா. ஒரு பக்கம் நடக்கும் மேஜையைப் புரிந்துகொள்ளலாம். இரண்டு பக்கமும் நடந்தால்? அது திரும்பி வந்துகொண்டே இருந்தால்? அந்தக் கதவு முழுசாகத் திறந்தால், அவர் வந்து அதன்மேல் உட்கார்ந்தால்?

நான் அவரைப் பூட்டி வைக்கவில்லை. அந்தக் கதவுக்கு என் பக்கம் தாழ்ப்பாளே கிடையாது, நீங்களே பார்த்தீர்கள். என் பிழை திட்டத்தில் இருந்த பிழை. பதினோரு படத்திலும் உயரத்தை யோசித்தேன், வெளிச்சத்தை யோசித்தேன், கனத்தை யோசிக்கவில்லை. அன்று காலையே சரிசெய்துவிட்டேன். முதலில் தோளைக் கொடுத்து மேஜையைக் கதவோடு சேர்த்தேன். அந்த ஒரு தடவை மட்டும் நானே தள்ளினேன். விரல்கள் உள்ளே போகும்வரை தோளை எடுக்காமல் காத்திருந்தேன். பிறகு கால்களுக்கு நடுவே கீழ்த்தட்டு ஒன்று அடித்து, அதில் ஆறு மூட்டை மணலை ஏற்றினேன். நடக்கும் மேஜையை நிறுத்த அதுதான் வழி. உள்ளே குழாயில் தண்ணீர் வந்ததால் அண்ணன் பதினெட்டு நாள் உதைத்தார். மேஜை ஒரு நூல்கூட நகரவில்லை.