ஏத்தத்துல மூணாவது கியர்

— சத்தம் வந்தா சக்தி வந்துருச்சுன்னு அர்த்தமா, தங்கச்சி? அப்படிப் பாத்தா எங்க வீட்டு மிக்ஸியக் கட்டி லாரிய இழுக்கலாமே.

— சிரிக்காதீங்கண்ணே. நெஜமாத்தான் சொல்றேன். இந்தக் காத்து ஃபில்டர் மாட்டுன நாள்ல இருந்து இது வேற வண்டி. என் நர்சரித் தொட்டி அத்தனையும் ஏத்திக்கிட்டு, பாலத்து ஏத்தத்துல மூணாவது கியர்ல போகுது. முன்னாடி ரெண்டாவதுலயே திணறும்.

— யாரு மாட்டுனது?

— போன வாரம் சேந்த புது டிரைவர். ஏதோ வீடியோல பாத்தானாம். பழைய ஃபில்டர் பெட்டியக் குழாயோட கழட்டிப் பின்னாடி போட்டுட்டு, இந்தச் செவப்புக் கூம்ப வெச்சுட்டான்.

— மெக்கானிக்கு நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். அவனுக்கு வீடியோ கேக்குது. சரி, வா இப்படி. கூம்பு எங்க நிக்குது பாரு. இன்ஜினுக்குப் பக்கத்துலயே. கிட்ட கைய வெச்சுப் பாரு.

— அய்யோ, அனலா அடிக்குது.

— அந்த அனலத்தான் உள்ள இழுக்குது, பாத்துக்க. கம்பெனிக்காரன் குடுத்த பெட்டி முன் விளக்குப் பக்கத்துல இருந்து குளுந்த காத்தக் கொண்டாரும். அதுவும் இது டர்போ வண்டி. டர்போவோட வேலையே காத்த அமுக்கி உள்ள தள்றதுதான். மோட்டார் போட்டுத் தண்ணி ஏத்துற வீட்டுல குழாய் வாய் ஒரு விரக்கடை பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன?

— அப்ப யாருக்குமே பிரயோஜனம் இல்லையா?

— ரேஸ் ஓட்டுறவனுக்கு இருக்கும். அவன் சைலன்சர், இன்ஜின் கம்ப்யூட்டர், எல்லாத்தையும் சேத்து மாத்துவான். செடி ஏத்துற உனக்கு விசில் சத்தம்தான் மிச்சம். மட்டமான கூம்பா இருந்தா தூசியையும் விட்ரும். டர்போ றெக்கைக்கு எமனே தூசிதான். கை கரியாயிருச்சு பாரு, இந்தா, தொடச்சுக்க.

— இதுலயா? இது என் கையவிடக் கரியா இருக்கு. மஞ்சப்பூ வேற போட்டிருக்கு.

— எங்க வீட்டு ஜன்னல் திரை. உங்க அண்ணி ரெண்டாக் கிழிச்சுக் குடுத்தா. ஒரு பாதி எங்க போச்சுன்னே தெரியல. இதையாவது தொலைக்காம இருக்கணும்னு தோள்லயே போட்டுக்கிட்டுத் திரியறேன்.

— அது கிடக்கட்டும். கூம்பு வெட்டின்னா மூணாவது கியர் எப்படி வந்துச்சு?

— எல்லாம் மனசு. புதுச் செருப்பு போட்டவனுக்கு நடை வேகமாத்தான் தெரியும். இன்னொரு வண்டிக்கும் இதையே மாட்டலாமான்னு கேக்கத்தானே வந்த? வேண்டாம். போய் வேலையப் பாரு.

— அதுக்கு வரலண்ணே. என் தம்பிக்காக வந்தேன்.

— அவனுக்கென்ன?

— ஒரு மாசமாத் தலையால அடிச்சுக்கிட்டான். ‘அக்கா, வண்டிக்கு மூச்சு முட்டுது, கரும்புகையாத் தள்ளுது’ன்னு. உங்ககிட்டதான் கொண்டு வந்தோம். அன்னைக்கு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— ஏன் இல்லாம? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அப்படின்னேன். வண்டில ஒண்ணுமில்ல, பையன் கால்லதான் கோளாறுன்னேன்.

— நீங்க சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டீங்க. நான் போய், தோட்டத்து ஆளுங்க அத்தனை பேரும் நிக்கிறப்போ, ‘ஓட்டத் தெரியலன்னா சாவியக் குடுடா’ன்னு பிடுங்கிட்டேன். அஞ்சு மாசமாச்சு. என் ஃபோன எடுக்க மாட்டேங்கிறான். அம்மாவப் பாக்க நான் முன்வாசல்ல நுழைஞ்சா அவன் பின்வாசல்ல போறான்.

— அப்புறம் வண்டிய யாரு ஓட்டுனது?

— அப்புறம் போன வாரம் வரைக்கும் நானேதான் ஓட்டுனேன். எனக்கும் ரெண்டாவது கியருக்கு மேல ஏறல. அக்கா தம்பி ரெண்டு பேருக்கும் கை வரலன்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப இந்தக் கூம்பு வந்து என் தூக்கத்தையே கெடுத்துருச்சு. கூம்பு நெஜமாவே வேலை செய்யுதுன்னா, வண்டி மூச்சு முட்டித்தான் கிடந்திருக்கு. அவன் சொன்னது நெஜம். இல்லன்னா நான் செஞ்சது சரி. ரெண்டுல எது? அத மட்டும் சொல்லுங்க.

— உன் மனசு ஆறணும்னு நான் பொய் சொல்ல மாட்டேன், தங்கச்சி. கூம்புல ஒண்ணுமில்ல.

— அன்னைக்குப் பெட்டியத் திறந்து பாத்தீங்களா?

— எதுக்குத் திறக்கணும்? முந்தின மாசம்தான் புது ஃபில்டர் போட்டு, இன்ஜினையும் கழுவிக் குடுத்தேன். சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு காத்து வாய்ல துணி அடைச்சு, அப்புறம்தான் ஹோஸையே எடுப்பேன். நானே போட்டதுல நானே போய்க் குத்தம் தேடவா?

— அப்ப அவன்மேலதான் தப்பு.

— இரு, இரு. கண்ணத் தொடை. ஒண்ணு செய்வோம். பழைய பெட்டிய மாட்டுறேன். அதே லோடு, அதே ஏத்தம், நான் ஓட்டுறேன். மூணாவதுல ஏறிட்டா சண்டை தீந்துச்சு. அந்தப் பெட்டிய இப்படித் தள்ளு.

— இந்தாங்க. ஃபில்டர் உள்ளதான் இருக்கு. அவன் திறக்கக்கூட இல்ல.

— கிளிப்பு நாலும் நான் போட்ட மாதிரியே இருக்கு பாத்தியா? வேலைன்னா இப்படி இருக்கணும்.

— ஃபில்டர் நல்லாத்தான் இருக்காண்ணே?

— ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. இரு, அந்தக் குழாய இப்படித் திருப்பு.

— திருப்பிட்டேன். என்னண்ணே?

— உன் தம்பி நம்பர் என்ன?

— அவன் எடுக்க மாட்டானே.

— உன் ஃபோனத்தானே எடுக்க மாட்டான். என் ஃபோன்ல போடு.

— முதல்ல என்னன்னு சொல்லுங்க. குழாய்க்குள்ள அடைச்சுக்கிட்டு இருக்கே, என்னது அது? எலிக் கூடா? இழுங்க… துணி. மஞ்சப்பூ. அண்ணே, இது உங்க தோள்ல கிடக்கிறது மாதிரியே இருக்கு.

— மாதிரி என்ன மாதிரி, அதோட மறுபாதிதான். நம்பரச் சொல்லும்மா, கூடம் கோணல்தான்னு அவன்கிட்ட நான் சொல்லணும்.