மாமாவின் அட்ரீனல்

நூற்று நான்கு மணி நேரம் ஆனது, இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டுக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடும், அதைக் கழித்துவிட்டேன்.

என் பெயர் பஞ்சாலை. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாயாண்டி மாமா வீட்டில் வளர்ந்தவள். மனிதர்களோடு பேச எனக்கு வராது. எலிகளோடு பரவாயில்லை. பல்கலைக்கழகத்தில் எலிகளின் அட்ரீனல் சுரப்பியைக் கீறி, உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுத்துவிட்டு, உறையை மட்டும் விட்டுவைப்போம். உறைக்கடியில் சில மூலச்செல்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். மற்றவை போனதும் எழுந்து, ஒரு மாதத்தில் சுரப்பியை மறுபடி கட்டிவிடும். எங்கள் எஸ்டேட்டில் அப்படி வேலை செய்யும் யாரையும் நான் பார்த்ததில்லை.

மாமாவின் இரண்டு அட்ரீனலையும் காசநோய் தின்றுவிட்டது. ஆள் தார் ரோடு மாதிரி கறுத்துப்போனார். தினமும் விழுங்கும் கார்ட்டிசோன் மாத்திரையில்தான் நடமாடினார்.

போன மாதம் எனக்கு ஆய்வுக்கூட வேலைக் கடிதம் வந்தது. மாமா அதை எட்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

“எலி அறுத்தது போதும்லா. செனாவாங் மாப்பிள்ளைக்குக் கோழி அறுத்துக் குடு.”

வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது. வேண்டாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சம்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாத்திரை கிடைக்கும்வரை மாமாவுக்குள்ளும் அந்தச் செல்கள் சோம்பிக் கிடக்கும், நிறுத்தினால் எழும் என்பது என் கணிப்பு. திங்கள் காலை ஆறு மணிக்கு அவர் போத்தலில் கார்ட்டிசோனுக்குப் பதில் சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். புதன்கிழமை வாந்தி எடுத்தார். வியாழக்கிழமை சுவரைப் பிடித்து நடந்தார்.

“ஏ புள்ள, கஞ்சியில உப்பே இல்ல. ஒரு துண்டு கருவாடாச்சும் சுட்டுக் குடேன்.”

“உப்பு ஆகாதுன்னு கிளினிக் டிரெசர் சொன்னாரு மாமா.”

“அவன் கெடக்கான், காய்ச்சலுக்கும் கட்டிக்கும் ஒரே மாத்திர குடுக்கிறவன்.”

டிரெசர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு மாமா எழுந்திருக்கவில்லை. செல்களும்தான். அவற்றுக்கு அவகாசம் போதவில்லை. அறிவியலில் இப்படி நடப்பதுண்டு.

எங்கள் எலிகள் எத்தனை செத்தன என்று கேட்கிறீர்கள். ஒன்றுகூட இல்லை. சுரப்பி வளரும்வரை அவை உயிரோடு இருக்க வேண்டுமல்லவா? அதற்காகக் குடிக்கும் தண்ணீரில் தினமும் உப்புக் கலந்து வைப்போம்.

அது என் வேலை.