வாசலைப் பார்த்த கோழி

மீன்சந்தைச் சங்கத்தின் தலைவரும், சற்றுமுன் ஒரு கோழியால் வேலையை விட்டு நீக்கப்பட்டும், நாற்காலியை விட்டு நீங்காத நெஞ்சுரம் படைத்த அண்ணன் ஹுங் அவர்களே! கடலன்னையின் கோயிலைக் கட்டிக்காக்கும் பெரியோர்களே! தைவான் கடலெல்லாம் துழாவிச் சூரை மீனைத் தூக்கிவரும் தோழர்களே! விடியுமுன் ஏலம் கூவி, விடிந்தபின் பேச்சிழக்கும் வெண்கலத் தொண்டைகளே! இறால் உரித்தே ஊரை வளர்த்த தாய்மார்களே! ஆண்டுக் கடைசி விருந்துக்கு வந்து, சூப்பு ஆறுகிறதே என்று என்னைச் சபித்துக்கொண்டிருக்கும் என் அருமைச் சொந்தங்களே! மீன்கடை சாய், உங்கள் முன் தலைவணங்கி நிற்கிறேன்.

சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகப் பேசியவன் எவன் இந்தச் சந்தையில் முன்னுக்கு வந்தான்?

நடந்தது என்ன? தலையோடு வெந்த முழுக்கோழி வந்தது. நம் வழக்கப்படி இந்த விருந்தில் கோழித்தலை யாரைப் பார்க்கிறதோ, அவருக்கு அடுத்த ஆண்டு வேலை இல்லை. மனசாட்சியுள்ள முதலாளி அந்தத் தலையைத் தன் பக்கமே திருப்பி வைப்பான். நானும் அப்படித்தான் வைத்தேன். என் கடையில் மீன் அடுக்கும் தம்பி ஆ-குவான் எழுந்தார். தட்டைப் பிடித்தார். கோழியின் மூக்கு வாசலைப் பார்க்கும்வரை திருப்பினார். வாசலோரம் யார் இருந்தது? வருவோர் போவோர் எல்லாரிடமும் கைகுலுக்க வசதியாக அங்கே உட்கார்ந்திருந்த நம் தலைவர்!

கோயில் பெரியவர் எழுந்து, "கோழி சொன்னா சொன்னதுதான்பா, கட்டுப்படணும்" என்றார். துணைத் தலைவர் முகத்தில் எப்படி ஒரு பௌர்ணமி! பதவிக்கு அவர் காத்திருந்தது கோழிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தலைவரோ சிவந்தார், சீறினார்: "போதும்டா சாய்! இந்தப் பைத்தியத்தச் சந்தைய விட்டு அனுப்பறமா இல்லையா? இப்பவே, இங்கயே, கையத் தூக்கி முடிவு பண்ணுங்க!"

சரி. முடிவு செய்வோம். எதை முடிவு செய்யப்போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்வோம். ஆ-குவானுக்குப் பேச்சு வராது. சந்தையில் இடமில்லை என்றால் அவர் போகவேண்டியது மலைக்கு அப்பாலுள்ள, வெளியே பூட்டுப் போட்ட விடுதிக்கு. அவருடைய தாய், மூட்டுவலியோடு மூன்றாவது மேசையிலிருந்து எழுந்து, மகனைக் காற்று வாங்க வெளியே கூட்டிப்போயிருக்கும் நம் ஷியூ-மான் அக்கா, அங்கே போய்ப் பார்க்க ரயில் ஏறி, பேருந்து ஏறி, மலையும் ஏற வேண்டும். கோழிச்சண்டை அல்ல இது, தோழர்களே! ஒரு மனிதனின் காலையும் மாலையும்!

அவர் செய்த குற்றம்தான் என்ன? திருப்பினார்! கடையில் மீன்தலை எல்லாவற்றையும் வாசல் பக்கம் திருப்பினார். நாம் திருப்பி வைத்தோம், அவர் மீண்டும் திருப்பினார். தடுத்தோம். தன் கையையே கடித்தார், ஐஸ்கட்டியை வாரி வீசினார். அந்த ஐஸ் உலகத்தில் விழ எத்தனையோ இடம் இருக்க, தலைவரம்மாவின் புதுச் சுருள்முடிக்குள் புகுந்தது. அம்மா, இன்று முடி அழகாக இருக்கிறது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

மருந்து தேடினோமே, கொஞ்சமா தேடினோம்? சாமியாடி வந்தார். "மூழ்கிப்போன முப்பாட்டன் மூஞ்சி தப்பான பக்கம் பாக்குது" என்றார். ஷியூ-மான் அக்கா வீட்டில் அடுப்பைத் திருப்பினோம், கட்டிலைத் திருப்பினோம், அலமாரியைத் திருப்பினோம். அக்கா சுவரைப் பார்த்துச் சமைத்தார், அலமாரிக்குப் பின்னால் படுத்தார். முப்பாட்டன் எங்கே பார்த்தாரோ, ஆ-குவான் வாசலைத்தான் பார்த்தார். "திருப்பாதே" என்று பலகை எழுதி மாட்டினோம். பலகையையும் திருப்பினார்! ஏலக்காரர் காதோரம் போய் அதட்டினார். அன்று ஐஸ் எதிர்க்கடை நண்டு வரைக்கும் போனது.

கடைசியில் ஒரு மகானுபாவர், பெயர் சொல்லமாட்டேன், அவரே தலையைக் குனிந்துகொண்டார், "கையக் கட்டிப் போட்டா என்ன?" என்றார்.

அந்த நேரத்தில்தான் வந்தார் ஜியென் அம்மணி. ஆ-குவான் போன்றவர்களின் நடத்தைக்குத் துணை நிற்பது அவர் வேலையாம். எனக்கு விளங்கவில்லை. அடங்காதவரை அடக்க வந்தவர் என்று நினைத்தேன். வந்தவர், கட்ட எடுத்த கயிற்றை வாங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கட்டினா கை நிக்கும், சாய் அண்ணே. அவர் சொல்ல வந்தது நிக்குமா?"

"பேச்சே வராதவன் என்னத்தம்மா சொல்ல வந்தான்?"

"அதத்தான் பாக்கப்போறேன். கொஞ்சம் நகருங்க, மறைக்குது."

ஐஸ்பெட்டி ஓரம் குந்தி உட்கார்ந்து பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மீன் வாங்க வந்தவர்கள் அவரிடம் விலை கேட்டார்கள். எது நடந்தாலும் அவர் கேட்பது இரண்டே கேள்வி: "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?" நோய் போலச் சந்தையெங்கும் பரவியது அந்தக் கேள்வி! குடித்துவிட்டு வீடு திரும்பிய படகோட்டியிடம் மனைவி கேட்கிறாள்: "அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" சிரிக்காதே மூலைமேசைத் தம்பி, உன் வீட்டிலிருந்துதான் எனக்குச் செய்தி வந்தது.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "அண்ணே, உங்க கடையில வேலை முடிஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"இதென்னம்மா கேள்வி? மிச்ச மீன வண்டிக்கு அடுக்குவோம். தல எல்லாம் வாசலப் பாக்க அடுக்கறது எங்க வழக்கம். தல வாசலப் பாத்துச்சுன்னா கடை மூடியாச்சு, வீட்டுக்குப் போலாம்னு அர்த்த..."

பெரியோர்களே! அந்த வார்த்தையை நான் முடிக்கவே இல்லை. என் மனைவி கையிலிருந்த கணவாய் வழுக்கி விழுந்தது.

சாமி வந்தவரா ஆ-குவான்? சண்டைக்காரரா? சாபம் பிடித்தவரா? இல்லை! "போதும், எனக்கு முடியவில்லை, நான் போகிறேன்" என்று தனக்குத் தெரிந்த ஒரே மொழியில், மீனை எடுத்து மீனுக்கு நடுவே நின்று, நாள்தோறும் சொன்ன மனிதர்! எப்போது திருப்பினார்? ஏலக்காரர் அலறும்போது. ஐஸ் அரைக்கும் இயந்திரம் கத்தும்போது. நாம் என்ன செய்தோம்? அவர் வாய்க்குள் அவர் வார்த்தையைத் திருப்பி அடைத்தோம். அடைத்த வார்த்தை ஐஸ்கட்டியாக வெளியே வந்தது!

ஜியென் அம்மணி ஒரு மரமீனைச் செதுக்கச் சொன்னார். ஆ-குவான் நிற்கும் இடத்தருகே ஆணியில் மாட்டினார். அதை அவர் வாசல் பக்கம் திருப்பினால் போதும், பார்ப்பவர் யாராயிருந்தாலும் ஆ-குவானின் வேலையை நிறுத்தி, பின்கட்டுக்கு அனுப்பி, குளிர்ந்த சோயாப்பால் ஒரு குவளை தரவேண்டும். ஏனென்று கேட்கக்கூடாது.

முதல்நாள் திருப்பினார், குடித்தார், வந்தார், திருப்பினார், குடித்தார், வந்தார். நான் கத்தினேன்: "அம்மா, இது மீன்கடையா பால்கடையா? இவன் ஒரு மீனக்கூடத் தொடலியே!"

"அவர் சொன்னத இத்தன வருஷமா யாருமே கேக்கலயே அண்ணே. நெசமாவே கேக்கறீங்களான்னு சோதிச்சுப் பாக்கறார். நீங்க புதுசா ஒரு தராசு வாங்குனா சோதிக்கமாட்டீங்க?"

சோதித்தேன்தான். எந்த வியாபாரி சோதிக்கமாட்டான்? சோதித்து முடித்ததும் திருப்புவது குறைந்தது. நிம்மதியாக நின்று அடுக்கத் தொடங்கினார், பாருங்கள்! செதிலோடு செதில் சேர, வாலோடு வால் நேர! அந்த அழகைப் பார்க்கவே கூட்டம் நின்றது, நின்ற கூட்டம் வாங்கியது. இதில் எனக்கு ஆதாயம் இல்லை என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஒரு நட்டமும் சொல்கிறேன். கணக்கெழுதும் பெண் தனக்கும் ஒரு மரமீன் கேட்டாள். வண்டிக்காரர் கேட்டார். என் மனைவி சாப்பாட்டு மேசைக்கு மேலேயே ஒன்று மாட்டிவிட்டாள். நான் வியாபாரம் பற்றிப் பேச வாயெடுத்தால் எழுந்து போய்த் திருப்புகிறாள்! ஏனென்று கேட்கக்கூடாதாம்.

ஐஸ் வீசுவது அடியோடு நின்றதா என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். இல்லை ஐயா. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்று நான் பழகவில்லை. என் மருமகன் வெள்ளையடிக்கிறேன் என்று மரமீனைக் கழற்றி வைத்த அன்று மறுபடியும் ஐஸ் பறந்தது. மாட்டினோம், நின்றது. அவ்வளவுதான் மர்மம்.

இப்போது இன்றைக்கு வருவோம். கோழி வருமுன் என்ன நடந்தது? தலைவரே, தாங்கள் பாடினீர்கள். ஒலிபெருக்கியில் பாடினீர்கள். உச்சத்துக்குப் போனீர்கள், அங்கேயே தங்கினீர்கள். ஆ-குவான் காதைப் பொத்தினார். சுற்றுமுற்றும் தேடினார். இந்த மண்டபத்தில் மரமீன் இல்லை. தலையுள்ள ஒரே பிராணி கோழி! தங்களை நீக்க அவர் அதைத் திருப்பவில்லை அண்ணே. "எனக்குப் போதும், கொஞ்சம் வெளியே போகட்டுமா?" என்று நம் எல்லாரிடமும் மரியாதையாக அனுமதி கேட்டார். கடிக்கவில்லை, வீசவில்லை, கேட்டார்! அந்த விண்ணப்பத்தில் நானும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

"அடங்கு" என்றோம், "அமைதி" என்றோம், "ஆகாது" என்றோம். "என்ன வேண்டும்?" என்றோமா? முதுகைத் திருப்பினோம், முகத்தைத் திருப்பினோம். செவியைத் திருப்பினோமா? வாய் இருப்பவர் கத்தினால் ஏலம், வாய் இல்லாதவர் கத்தினால் வியாதி என்று எந்தக் கடல் சொன்னது? எந்தக் கோயில் சொன்னது? திருந்த வேண்டியவர் ஒருவரா, திரும்ப வேண்டியவர் நாமா?

அதோ, வெளியே காற்று வாங்கப் போன ஆ-குவான் தாயின் கையைப் பிடித்து வாசலில் வந்து நிற்கிறார். ஐயோ, கைதட்டாதீர்கள்! நிறுத்துங்கள்! அந்த ஓசை அவருக்கு ஆகாது. வரவேற்க விரும்புவோர் கையை உயரத் தூக்கி, விரலை மட்டும் அசையுங்கள். ஆமாம், ஓசையில்லாமல். அப்படித்தான். இன்னும் கொஞ்சம் உயரமாக.

செயலாளரே, எண்ணுங்கள்.

தலைவரம்மா, முறைக்காதீர்கள். தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். கையைத் தூக்கி முடிவு செய்யச் சொன்னது தங்கள் கணவர். ஆ-குவான் நம்மோடு இருக்க வேண்டாம் என்போர் தாராளமாகக் கையை இறக்கிக்கொள்ளலாம். நான் காத்திருக்கிறேன். சூப்பு எப்படியும் ஆறிவிட்டது.

ஏலக்காரர் இறக்கவில்லை. துணைத் தலைவர் இறக்கவில்லை. தலைவரே... தங்கள் கை பாதியில் நிற்கிறதே, மேலே போகிறதா கீழே வருகிறதா? மேலேதான். நன்றி அண்ணே. ஆயிரம் பாட்டுப் பாடுங்கள், ஒலிபெருக்கி இல்லாமல்.

எண்ணிக்கையை முடிக்காதீர்கள் செயலாளரே! வாசலைப் பாருங்கள். ஆ-குவான் நம்மைப் பார்த்து, தானும் இரண்டு கையையும் தூக்கி விரலை அசைக்கிறார். இது அவருடைய வாழ்க்கை. அவர் ஓட்டையும் சேர்த்து எழுதுங்கள்.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வருகிற ஆண்டு வலை நிறையட்டும், வீடு நிறையட்டும். வணங்குகிறேன், சாப்பிடுங்கள்!