ஒரு முழம் மேல

சிவப்புப் பெயிண்டு வெயிலுக்கு நிக்காது ஐயா. நீலம் நிக்கும், கறுப்பு நிக்கும். சிவப்பு மட்டும் ஒரு கோடை கண்டாலே வெளுத்துப் பல்லிளிச்சிரும். அதனாலதான் படித்துறைத் தூண்ல இருக்கிற அளவுக் கோட்டை வருஷா வருஷம் புரட்டாசிக் கடைசியில புதுசா அடிப்பேன். தெருவுக்குச் செய்யுத வேலை, சும்மாதான் செய்வேன். என் பேரு செந்தூர்பாண்டி. சுவர் எழுதுதவன், கட்சிக்காரனும்தான்.

தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துக்குப் பொறவு தெருக்காரங்க கூடி வச்ச அளவு அந்தக் கோடு. எங்க தெரு தாமிரவருணிக்கும் ஓடைக்கும் நடுவுல கெடக்கு. வெளிய போக ஓடைப் பாலம் ஒண்ணுதான் வழி. ஆத்துத் தண்ணி கோட்டைத் தொட்டுச்சுன்னா அடுத்த அரை மணி நேரத்துல ஓடை ஏறிப் பாலத்தை மூடிரும். அதுக்குள்ள பிள்ளையளைத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம். டிவியில மழைச் செய்தி யாரும் பாக்க மாட்டாவ. "தொட்டுட்டா?"ன்னு மட்டும்தான் கேப்பாவ.

மார்கழியில மாநகராட்சித் தேர்தல்னு அறிவிச்சாவ. எங்க வார்டுல நின்ன ஜெபசீலன் அண்ணாச்சி ஜெயிச்சா அவருதான் மேயர்னு கட்சியில பேசி முடிச்சிருந்தாவ. இருக்கிற இடத்துலயே பட்டா, அங்கனயே காங்கிரீட் வீடுன்னு அவரு சொன்னாரு. எதிர்க்கட்சிக்காரன், ஆத்தங்கரையைக் காலி பண்ணிட்டு பதினாலு கிலோமீட்டருக்கு அங்கிட்டு அடுக்குமாடியில வீடு தாரேம்னான். நீங்களே சொல்லுங்க, பாளையங்கோட்டையில நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பொம்பளை அங்கயிருந்து எத்தனை பஸ் மாறி வருவா? அவன் சொன்னது எனக்கு அக்கிரமமாத்தான் பட்டுச்சு.

ஐப்பசி மழையில ரெண்டு தடவை தண்ணி கோட்டைத் தொட்டுச்சு. ரெண்டு தடவையும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நாங்க பாய் விரிச்சுப் படுத்திருக்கிறதைப் படம் எடுத்து, "இந்த இடத்துலயா உங்களுக்கு வீடு?"ன்னு அவன் நோட்டீஸ் அடிச்சான். அதைப் படிச்சிட்டு எங்க ஆளுங்களே யோசிக்க ஆரம்பிச்சிட்டாவ. இன்னும் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குப் போனா தோத்துருவோம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

கார்த்திகை முதல் வாரம், பட்டப்பகல். படித்துறைச் சுவர்ல அண்ணாச்சி பேரை எழுதினேன். அப்படியே தூணுக்கும் வெள்ளை அடிச்சேன். வெள்ளை காஞ்ச பொறவு கோட்டை ஒரு முழம் மேல வச்சு இழுத்தேன். யாரும் சொல்லிச் செய்யல. அண்ணாச்சிக்குக்கூடத் தெரியாது. நான் அடிச்ச கோட்டை யாரு அளந்து பாக்கப் போறா?

முத்துராணி காப்பி கொண்டாந்து குடுத்தா. புருசன் செத்துப்போயி, ரெண்டு பொட்டப் பிள்ளையளை வச்சிக்கிட்டு பீடி சுத்திப் பொழைக்கிறவ. "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி. எனக்கு வீடு வந்தா வாசல்ல என் பேரையும் எழுதித் தரணும்"னா. சரின்னேன். அவளை மாதிரி ஆளுக்காகத்தானே ஐயா நான் இம்புட்டும் செஞ்சேன்.

கார்த்திகை இருபத்தஞ்சாம் தேதி மலையில பேஞ்ச மழை மத்தியானம் இங்கன வந்து சேந்துச்சு. தண்ணி நான் அடிச்ச கோட்டைத் தொடவே இல்ல, அதுக்குள்ள பாலம் முங்கிருச்சு. மத்தவங்க மாடி, வேப்பமரம்னு ஏறித் தப்பிச்சாவ. முத்துராணி வீடு ஓடை ஓரத்துல கடைசி ஓட்டு வீடு. அவளையும் சின்னவளையும் மறுநாள் ஆத்துக்குக் கீழ முறப்பநாட்டுப் பக்கம் பொணமா எடுத்தாவ. பெரியவ இன்னும் கெடைக்கல. நானும் கரை கரையா அலைஞ்சேன்.

பொறவு நாங்க ஜெயிச்சோம். ஆத்துத் தண்ணி கோட்டையே தொடல, ஓடை அடைப்பாலதான் இந்தச் சாவுன்னு தெருத் தெருவாப் பேசினோம். தூணைக் காட்டிப் பேசினது நான்தான். சனங்க நம்புனாவ. இடம் நல்ல இடம்னு ஆயிப்போச்சு. பட்டாவுக்கு அளக்க அடுத்த மாசம் வாராவ.

ஒண்ணை மட்டும் விட்டுட்டேன் ஐயா, அதையும் எழுதிக்கிடுங்க. அன்னைக்கு மத்தியானம் முத்துராணி எனக்குப் போன் பண்ணினா. நான் தூண் பக்கத்துலதான் குடை பிடிச்சிக்கிட்டு நின்னேன். "தொட்டுட்டா அண்ணாச்சி? சின்னவளுக்குக் காய்ச்சல், மழையில தூக்கிட்டு வர யோசனையா இருக்கு"ன்னா. வெள்ளைக்கு அடியில பழைய கோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தண்ணி அதைத் தாண்டி நாலு விரக்கடை ஏறி நின்னுச்சு. பாலம் அப்பவும் தொறந்துதான் கெடந்துச்சு. தேர்தலுக்கு இன்னும் ஒம்பது நாள் இருந்துச்சு.

"தொடல தாயி, நீ பைய சோத்தை வடி"ன்னு சொன்னேன்.