காத்திருக்கும் இருமல்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டில் இருமிக்கொண்டே வந்தவர், மருத்துவக் கல்லூரியில் சேரப்போகும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மகனைக் கேட்டார்:

"பத்தாவதுல பெயிலானவன்னு தெரிஞ்சுதான் முதல்ல அறுத்துப் படிக்க பொணத்தைக் குடுக்குறாங்களாடா?"

"எல்லாருக்கும் அப்படித்தான்பா."

"உனக்கின்னா, தோல் ஷாப்புல ரெண்டு வருஷம் ஆட்டுத்தோல் செதுக்குனவன். கை நடுங்காது." சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. ஜன்னலோரம் வறண்ட பாலாறு கூடவே வந்துகொண்டிருந்தது.

"உயிரோட இருக்குறவங்களுக்கு எப்போ வைத்தியம் பார்ப்பே?"

"அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும்பா. அப்பவே ஒழுங்கா படிச்சிருந்தா இந்நேரம் பாதி முடிச்சிருப்பேன்."

"ஆவட்டும். முதல் பேஷண்ட் நான்தான். அதுவரைக்கும் இந்த இருமலை வேற எந்த டாக்டர்கிட்டயும் காட்டமாட்டேன்."

பையன் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான்.