வெள்ளையா விட்ட நடுத்துண்டு

...கூசுதுன்னு கால இழுத்துக்காதீங்க டீச்சர். தண்ணி வெதுவெதுன்னுதானே இருக்கு? நான் பேசறது யாருக்கும் கேக்காது, அதான் அந்தப் பக்கம் பாட்டுப் பாடுறாங்கல்ல. புதுசா வந்தவங்க நீங்க, உங்களுக்கு என்ன தெரியும்... பெரிய வியாழன்னா, இயேசு சீஷருங்க கால கழுவின மாதிரி, வரிசையில பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்க காலத்தான் கழுவணும். எனக்குப் பக்கத்துல நின்னவ லவோன். நம்ம காலேஜ் நூலகத்துல உக்காந்திருப்பாளே, அவதான். அதான் உங்க கையப் புடிச்சு நடுவுல இழுத்து விட்டேன். அவ கால கழுவறதுக்கு எங்க சமையக்கட்டுல இருக்கற எண்ணெய்ச் சட்டி அத்தனையும் நான் ஒருத்தியே கழுவிருவேன்.

சண்டையான்னு பாக்கறீங்க. கான்சாஸ் மெனோனைட்டுங்க நாங்க, சண்டையே கூடாதுங்கற சபை, சண்ட போட மாட்டோம் டீச்சர். பேச மாட்டோம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ்லேர்ந்து பேசல. அவ சாப்பிட வந்தா சூப்ப நெறைய ஊத்திக் குடுப்பேன், மூஞ்சியப் பாக்க மாட்டேன். அவ மட்டும் என்ன? ரெட்டைத்தலை பன்னு சுட்டு எங்க வீட்டு வாசல்ல வச்சுட்டு மணி அடிக்காமப் போயிடறா. என்ன கொழுப்பு பாருங்க!

எல்லாம் இந்தக் காலேஜ் கொள்கையால வந்த வென. தாழ்மை, சேவை, உண்மை, எளிமை, சமாதானம்... சாப்பாட்டு ஹால் சுவத்துல எழுதியிருக்கே, அதுதான். அதுக்கு நேர் கீழ உக்காந்துகிட்டு பசங்க கடைசி சாஸேஜ 'நீ எடுத்துக்கோ, இல்ல நீ எடுத்துக்கோ'ன்னு தள்ளித் தள்ளி, அது ஆறிப்போயி நாய்க்குப் போகுது. சேவைன்னு சொல்லிட்டு பிரின்சிபல் வந்து மேஜ தொடைக்கிறாரு. அவரு போனதும் நான் திரும்பத் தொடைக்கிறேன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்... ஆங், போர்வ. இந்த அஞ்சு கொள்கையையும் துண்டு துண்டாத் தச்சு, ஒரே போர்வையாச் சேத்து, இந்தச் சேப்பல்ல தொங்கவிடணும்னு எங்க ரெண்டு பேரையும் கேட்டாங்க. ஆளுக்கு ரெண்டு துண்டு. நடுத்துண்டு சமாதானம். அத யாரு தைக்கறது? எல்லார் கண்ணும் அதுலதானே விழும். லவோன் சொன்னா, 'வெர்டா, உன் கைதான் பொடித் தையல், நீயே தை'ன்னு. 'ஐயோ, நான் எங்க, நீயே தை'ன்னேன். மறுநாள் இன்னொரு தடவ கேட்டா. அப்பவும் மாட்டேன்னேன். எங்க ஆளுங்க அப்படித்தான் டீச்சர். ஒரு துண்டு கேக்கு குடுத்தாக்கூட ரெண்டு தடவ வேணாம்பாங்க, மூணாவது தடவ கேட்டா வாங்கிக்குவாங்க. பால் குடிக்கிற புள்ளைக்குக்கூடத் தெரியும். இவளுக்குத் தெரியாதா? மூணாவது தடவ கேக்கவே இல்ல. 'சரி, அப்ப வெள்ளையாவே விட்டுருவோம்'னுட்டா.

விட்டாச்சு. அந்தா, மேடைக்கு மேல தொங்குது பாருங்க, நடுவுல மொட்டையா. பிரின்சிபல் அதப் பாத்துட்டு, சமாதானத்த எந்த ஊசியாலயும் எழுத முடியாது, அதான் காலியா விட்டிருக்காங்கன்னு ஒரு பிரசங்கமே பண்ணாரு. ரெண்டு பொண்ணுங்க அழுதுருச்சுங்க. நானும் லவோனும் ஆளுக்கொரு மூலையில உக்காந்து ஆமென் சொன்னோம். உண்மைங்கற துண்டத் தச்சது நான். அன்னிக்கு உண்மையச் சொல்ல வாயத் தொறக்கல.

இருங்க, தண்ணி ஆறிடுச்சு. இந்தக் கெட்டில்லேர்ந்து கொஞ்சம்... திரும்பிக்கிட்டே சொல்றேன், உங்க மூஞ்சியப் பாத்தா சொல்ல வராது. அந்த நடுத்துண்ட நான் தச்சு முடிச்சுட்டேன் டீச்சர். அவ மொத தடவ கேக்கறதுக்கு முன்னாடியே. நீல நூல்ல. அவ்வளவு ஆச எனக்கு. வாய் விட்டுக் கேக்க வெக்கம்... அவ கெஞ்சட்டும்னு இருந்தேன். எங்க போனாலும் பையிலயே வச்சிருக்கேன், திடீர்னு கேட்டுட்டான்னா? அவ வச்சுட்டுப் போற பன்ன வாசல்லயே நின்னு அழுதுகிட்டே திங்கறேன். அவ இல்லாம எனக்கு ஒண்ணும் நல்லால்ல, போங்க.

ம், கால நீட்டுங்க. இந்தாங்க... என்ன இது? உங்க சுண்டுவிரல் நேராத்தானே இருந்துச்சு? இது பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருக்கு. இந்த விரல எனக்குத் தெரியுமே. ஆப்பிள் பறிக்கறேன்னு ஏணியிலேர்ந்து விழுந்து...

லவோன்.

டீச்சர் எங்க? ...செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு ஈரக் காலோட ஓடுறாங்க பாரு. நீ எப்ப வந்து உக்காந்த? எதுலேர்ந்து கேட்ட? ...நான் கெட்டில எடுக்கத் திரும்புனதுலேர்ந்தா. அப்ப எல்லாத்தையும்தான்.

என்ன? பாட்டுல கேக்கல, இன்னொரு வாட்டி சொல்லு. ...நடுத்துண்ட நானே தைக்கணுமா?

ஐயோ, நான் எங்க லவோன், நீயே...

இல்ல, இல்ல, எந்திரிக்காத! அது வாய்ப் பழக்கத்துல வந்துருச்சு. உக்காருடி. பை அந்த நாற்காலிக்கு அடியிலதான் இருக்கு, நீயே எடு, என் கை ஈரமா இருக்கு. ...ஓரம் மட்டும் மடிச்சுத் தைக்கல. அத நீதான் தைக்கணும். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாத, மூணு தடவ கேக்கற பொறும எனக்குக் கெடையாது.