புது டப்பா கேப்பு

போலாரத்திலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டுப் பெண் தன் நாத்தனாரிடம் சொன்னாள்: "ஈரமான துப்பாக்கிக் கேப்பை அனுப்பியிருந்தா உங்க அண்ணன் வீட்டுக்கு வந்திருப்பாரு."

நான் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"பின்ன? மக்காச்சோளம் கதிர் விட்டதுலேர்ந்து காட்டுப்பன்னி விரட்டுறேன்னு நிலத்துலயே கிடக்குறாரு. ஞாயித்துக்கிழமை வந்து துணி மாத்திட்டு ஓடிடுறாரு. அந்த நாட்டுத் துப்பாக்கில கேப்பு பத்தினாத்தானே மருந்து வெடிக்கும்? நாலு தடவை வெடிக்கலைன்னா, நக்கோ, வேணாம்னுட்டு வந்துருவாருல்ல?"

"அனுப்பிட்டீங்களா?"

"அலமாரில ரெண்டு டப்பா இருந்துச்சு. மழையில ஊறின பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு. அவரு குளிக்கிறப்ப பழசைத்தான் பைக்குள்ள வெச்சேன்."

"ஹவ்? நெசமாவா?"

"ஜிப்பை மூடிட்டேன். மறுபடி திறந்து அதை எடுத்துட்டு, புதுசை வெச்சேன். ஈரம் படாம ரெண்டு பாலிதீன் கவர் சுத்தி வெச்சேன்."

"ஏன் அண்ணி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வெடிக்கலைன்னா பன்னிக்கு எதிர்ல நிக்கிறது அவருதானேம்மா."